பிரேக்கை மிதித்தால் பின்பக்க ஃபாக் லைட் அணைகிறது, உதவுங்கள்

கோத்தகிரிவாசி:
பத்து வருடக் கார், எல்லாம் பல்பு விளக்குகள். நேற்று மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும்போது மூட்டம் இறங்கியது. பின்பக்க ஃபாக் லைட்டைப் போட்டேன்; டேஷ்போர்டில் மஞ்சள் குறி எரிந்தது. வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தால் விளக்கு செங்கல் நிறத்தில் மங்கிக் கிடக்கிறது. மனைவி பிரேக்கை மிதித்ததும் அடியோடு அணைந்துவிட்டது. வழியெல்லாம் பின்னால் வந்த பஸ்ஸுக்கு நான் தெரிந்தேனா என்று நினைத்தாலே பதறுகிறது. ஃபியூஸும், விளக்குக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயும் மாற்றிவிட்டேன். ஹெட்லைட் அணைந்திருந்தால் ஃபாக் லைட் வருவதே இல்லை; அதுவும் இதே கோளாறா?

சமவெளிக்காரன்:
பல்பு 21 வாட்தானா?

கோத்தகிரிவாசி:
ஆமாம், 12 வோல்ட் 21 வாட். இன்னொன்று கவனித்தேன். ஃபாக் லைட்டைப் போட்டால், பிரேக்கைத் தொடாமலே இரண்டு பிரேக் லைட்டுகளும் லேசாகக் கனல்கின்றன.

வயரிங் பட்டறை:
தம்பி, இதைச் சொன்னீர்களே, அது போதும். கோளாறு வலப்பக்க விளக்குக் கூட்டின் எர்த்தில், அதாவது மின்சாரம் காரின் பாடிக்குத் திரும்பும் இணைப்பில். அந்தக் கூட்டில் ஃபாக், பார்க், பிரேக் மூன்றுக்கும் எர்த் வயர் ஒன்றே. அது விட்டுப்போனால், ஃபாக் பல்புக்குள் நுழைந்த மின்சாரம் வலது பிரேக் பல்பில் தலைகீழாக ஏறி, பிரேக் வயர் வழியே இடது பிரேக் பல்பைக் கடந்து, அந்தப் பக்க எர்த்தில் இறங்கும். மூன்று பல்புகள் 12 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்வதால் எல்லாமே மங்கல். பிரேக்கை மிதித்தால் பிரேக் வயரிலும் 12 வோல்ட் வந்துவிடுகிறது. இரு முனையிலும் ஒரே அழுத்தம் இருந்தால் மின்சாரம் எப்படி நகரும்?

மஞ்சள் குறியை நம்பாதீர்கள். இதுபோன்ற கார்களில் அது ரிலேயிலிருந்து கிளம்பும் வயரில் பிரிகிறது. பின்னால் விளக்கு எரிகிறதா என்று அதற்குத் தெரியாது.

ஹெட்லைட் விஷயம் கோளாறில்லை. ரிலேயின் சுருளுக்கே ஹெட்லைட் வழியாகத்தான் மின்சாரம் வருகிறது. வண்டி விளக்குகளுக்கான ஐ.நா. விதி எண் 48 அப்படித்தான் கேட்கிறது. மூட்டம் இல்லாதபோது இந்த விளக்கு பின்னால் வருபவரின் கண்ணைக் கூசும், பிரேக் லைட்டோ என்று குழப்பும். இரண்டுக்கும் நடுவே 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி வைப்பதும் இதற்காகத்தான்.

விளக்கு எரியும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கூட்டின் எர்த்திலும் மறுமுனையை பாடியின் வெறும் இரும்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

கோத்தகிரிவாசி:
அண்ணா, 7.4 வோல்ட் காட்டியது! டிக்கியின் வலப்பக்க உறையைக் கழற்றினேன். எர்த் போல்ட்டில் இருந்த வயர் வளையம் பச்சை பூத்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. மேலே டிக்கி ரப்பர் கிழிந்து, அந்த இடத்தில்தான் மழைநீர் சொட்டியிருக்கிறது. இரும்பை உப்புத்தாளால் தேய்த்து, புது வளையம் அழுத்தி, கிரீஸ் தடவி முறுக்கினேன். ரப்பரையும் மாற்றிவிட்டேன். இப்போது 0.05 வோல்ட். இன்று மாலை மனைவி மறுபடி பிரேக்கை மிதித்தார். ஃபாக் லைட் துளியும் அசையவில்லை. வாசல் சுவர் முழுக்கச் சிவப்பு. மிக்க நன்றி அண்ணா.