மெனேஜர் மனசு வைத்தால் வீட்டுக்கு நேரம் கிடைக்குமா?

ஹட்டன் சந்தி

இந்தக் குழுவில் எல்லோருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு பல்பொருள் கடையில் கிளைப் பொறுப்பாளராக இருக்கிறேன். எனக்குக் கீழே 14 பேர், அதில் 9 பேர் பெண்கள். மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள்தான் அதிகம்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் காசாளர் ஒருவர், மூன்று வயதுப் பிள்ளையின் தாய். கடை பூட்டி, லாச்சியில் (மேசை இழுப்பறை) உள்ள காசை எண்ணி ஒப்படைத்துவிட்டு இறங்கும்போது கடைசி பஸ் போய்விட்டது. உண்மையில் அன்று அவருக்கு மாலை வேலையே கிடையாது. மதியம் ஒருவர் வரவில்லை, நான்தான் அவரை நிற்கச் சொன்னேன். த்ரீவீலருக்கு 2,500 ரூபாய் ஆனது, அதையும் நானே கொடுத்தேன். அது பெரிதில்லை. மறுநாள் அவர் கேட்டதுதான் மனசை விட்டுப் போகவில்லை. "சேர், அம்மா எத்தனை மணிக்கு வருவேன் என்று நான் பிள்ளைக்கு எதைச் சொல்ல?"

இதுவரை யாருக்கு எந்த நேரம் வேலை என்ற எங்கள் ரோஸ்டர் முதல் நாள் இரவு வட்ஸ்அப்பில்தான் போகும். இனி இரண்டு வாரத்துக்கு முன்பே தாளில் அடித்துச் சுவரில் ஒட்டலாம் என்று இருக்கிறேன். இரவு கடை பூட்டியவரை மறுநாள் காலை திறக்கக் கூப்பிடுவதில்லை. தூரத்துப் பஸ் பிடிக்கிறவரின் லாச்சியை அரை மணித்தியாலம் முன்னமே மூடி எண்ணிவிடுவது, மற்றக் கவுண்டர் ஓடட்டும். மேலிடத்தில் சொன்னேன். "ஊழியர்களைப் பழக்கிக் கெடுக்காதீர்கள்" என்று பதில் வந்தது. இங்கே ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்கள் இருக்கிறீர்கள், வேலை செய்கிறவர்களும் இருக்கிறீர்கள். என்ன சொல்கிறீர்கள்?

நுவரெலியா குளிர்

தம்பி, உங்கள் மனசு நல்லது. ஆனால் நடக்காது. நான் ஹோட்டல் துறையில் 19 வருடம். ஏப்ரல் மாதம் இங்கே வந்து பாருங்கள். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கார்ப் பந்தயம் என்று ஊரே நிறைந்து வழியும். காலையில் 12 அறை என்று நினைத்திருப்போம், மத்தியானம் இரண்டு பஸ் வந்து நிற்கும். இரண்டு வாரத்துக்கு முன் ஒட்டிய தாளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

என் வழி வேறு. சீசனில் எல்லோரும் இழுத்துப் பிடிக்க வேண்டும். மே, ஜூன் வந்ததும் தாராளமாக லீவு கொடுப்பேன். அவசரம் என்று எவர் வந்து கேட்டாலும் இல்லை என்று சொன்னதில்லை. ஒரு பையனின் அப்பாவுக்குச் சுகமில்லை என்றபோது சீசன் நடுவிலேயே ஐந்து நாள் அனுப்பினேன். மனிதருக்கு மனிதர் பார்த்துச் செய்வதைத் தாளில் எழுதி ஒட்டினால் அந்த ஈரம் போய்விடும்.

கொழுந்துக்காரி மகள்

நுவரெலியா அண்ணன், "வந்து கேட்டால் கொடுப்பேன்" என்கிறீர்கள். கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அது உதவும். கேட்காதவர் எத்தனை பேர் உங்கள் கிச்சனில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

என் அம்மா பொகவந்தலாவையில் 28 வருடம் கொழுந்து பறித்தார். காலை நாலரைக்கு எழுந்து ரொட்டி சுட்டு, எங்களைக் கிளப்பி, தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) விட்டுவிட்டு, காலையில் பெயர் பதிகிற பிரட்டுக்கு ஓடுவார். காம்பரா திறக்கிற ஆயா பத்து நிமிடம் பிந்தினால் அம்மா பிரட்டுக்குப் பிந்துவார். அன்றைக்கு முழுப் பேர் விழுமா, அரைப்பேர் விழுமா, அதாவது முழு நாட்சம்பளமா பாதியா என்பது கங்காணியின் முகத்தைப் பொறுத்தது. இந்த 28 வருடத்தில் அம்மா துரையிடமோ (தோட்ட மெனேஜர்) ஐயாவிடமோ போய் "எனக்கு இன்று நேரத்தோடு போக வேண்டும்" என்று கேட்டது ஒரே ஒரு முறை. அதுவும் என் சாதாரண தரப் பரீட்சை அனுமதி அட்டைக்காக. அன்றைக்கும் பக்கத்து வீட்டு அத்தையைத்தான் தூது விட்டார்.

மாலை நிறுவை இன்னொரு கதை. நாலரைக்கு மலையில் இருந்து இறங்கி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்துவிடுவார்கள். லொறி வரும்போதுதான் நிறுவை முடியும். சில நாள் ஐந்தரை, சில நாள் ஆறு. மழையில் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியபடி, அட்டை கடித்த காலோடு நிற்பார்கள். அந்த நேரத்துக்குப் பேரும் இல்லை, காசும் இல்லை. நாங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து லொறிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்போம், சத்தம் கேட்டால்தான் அம்மா வருவார் என்பதால். லொறியை நேரத்துக்கு அனுப்புவது ஒரு துரையின் கையில் இருக்கிற விஷயம். அதற்குக் கூட்டு ஒப்பந்தமும் வேண்டாம், கொழும்பில் பேச்சுவார்த்தையும் வேண்டாம்.

ஹட்டன் அண்ணன், தாளை ஒட்டுங்கள்.

பழைய கணக்கப்பிள்ளை

மகள் சொன்னது உண்மை. நான் அந்த மடுவத்தில் தராசுப் பக்கம் நின்றவன், அதனால் என் பக்கத்தையும் சொல்ல விடுங்கள்.

கொழுந்துக்கு ரோஸ்டர் தெரியாது. மழை விட்டு வெயில் பட்டால் ஒரே வாரத்தில் பொங்கி நிற்கும். ஏழெட்டு நாளுக்கு ஒரு சுற்று எடுக்காவிட்டால் முற்றிவிடும். முற்றிய கொழுந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனால் தரம் விழும், தரம் விழுந்தால் ஏலத்தில் விலை விழும். அந்தக் கிழமைகளில் ஞாயிற்றுக்கிழமையும் மலையில் ஆள் வேண்டும். கொழுந்து இல்லாத வறட்சி மாதத்தில் ஆட்களுக்கு வேலை கொடுக்க முடியாமல் புல் வெட்டவும் கான் வெட்டவும் அனுப்பியிருக்கிறோம். லொறி ஒன்றுதான், டிவிசன் மூன்று, பாதையோ உங்களுக்கே தெரியும்.

நேரம் வேண்டும் என்றால், மலையைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் புது முறை நல்லது என்பது என் எண்ணம். உன் மலை, உன் நேரம், கிலோவுக்கு இத்தனை காசு. காலையில் சமைத்து முடித்து ஒன்பதுக்குப் போனாலும் கேட்க ஆளில்லை. வீட்டையும் வேலையையும் சேர்த்துப் பார்க்க அதைவிட வழி எது?

கொழுந்துக்காரி மகள்

ஐயா, சாக்கில் அடைத்து வைத்த கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததே உங்கள் காலத்து ஆட்கள்தான். அப்படியென்றால் லொறி நேரத்துக்கு வருவது கொழுந்துக்கும் நல்லதுதானே? கொழுந்து பொங்கும் நாளில் ஞாயிறு கூப்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. அது வருமென்று ஒரு கிழமைக்கு முன்பே மலையைப் பார்த்து உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை மாலை சொல்வதை வியாழக்கிழமை சொல்லக் கூடாதா?

குடும்பத்துக்கு மலை பிரித்த முறையில் என் சின்னம்மா இருக்கிறார். நேரம் அவருடையதுதான். ஆனால் கிலோ சேர வேண்டும் என்று பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் மாலையில் மலையில் நிற்கிறார்கள். அவர் கைக்கு இப்போது சேமலாப நிதியும் வருவதில்லை. அதை நான் வீட்டு நேரம் என்று சொல்ல மாட்டேன்.

லிந்துலை ரயில்

எல்லோரும் நேரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் காசைப் பற்றிப் பேசுகிறேன். தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024 செப்டம்பரில் 1,350 ஆனது. இடையில் 2022இல் அரிசி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் என்ன விலைக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை. என் அண்ணன் லீவு நாளில் மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார். மெனேஜர் அவருக்கு இன்னும் ஒரு நாள் லீவு கொடுத்தால் அந்த நாளையும் விற்றுவிட்டுத்தான் வருவார். ஹட்டன் கடையிலும் அப்படித்தான் இருக்கும். ஓவர்டைம் குறைந்தால் முதலில் முறையிடுவது அந்தத் தாயாகவே இருக்கலாம்.

வயிற்றுக்குப் போதுமான சம்பளம் முதலில் வரட்டும். அதற்குப் பிறகு தாளை ஒட்டலாம்.

ஹட்டன் சந்தி

லிந்துலைத் தம்பி சொன்னது என்னைக் குத்தியது. அதனால் திங்கட்கிழமை ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். 14 பேரில் 5 பேர் ஓவர்டைம் வேண்டும் என்றார்கள், குறைக்க வேண்டாம் என்றே சொன்னார்கள். சரி, அவர்களுக்கு வேண்டும். ஆனால் அந்த 5 பேரில் 4 பேர், "எந்த நாள் என்று முன்பே தெரிந்தால் நல்லது" என்றும் சேர்த்துச் சொன்னார்கள். சம்பளத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை, தம்பி. ரோஸ்டர் எழுதும் பேனா என் கையில் இருக்கிறது. இல்லாத அதிகாரத்தைக் காட்டி இருக்கிற பேனாவை மூடி வைக்கலாமா?

சட்டமும் நம் பக்கம்தான். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இலேயே வந்தது. நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, கிழமையில் ஒன்றரை நாள் லீவு, ஓவர்டைம் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் கூடாது. பால் குடிக்கும் பிள்ளை உள்ள தாய்க்கு, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை நாளில் இரண்டு முறை இடைவேளை கொடுக்க வேண்டும். எங்கள் கடையில் இதைக் கேட்ட ஒருவரும் இல்லை. கேட்கலாம் என்று சொல்லிக் கொடுத்தவரும் இல்லை, என்னையும் சேர்த்துத்தான்.

விற்பனை விழும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் கேப் என்ற உடுப்புக் கடைகளில் ரோஸ்டரை நிலையாக வைத்துப் பரிசோதித்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. நிலையான ரோஸ்டர் வைத்த கடைகளில் விற்பனை 7 வீதம் கூடியிருந்தது. வாடிக்கையாளரைத் தெரிந்த பழைய ஆள் கடையில் நிற்கிறார் என்பதுதான் எனக்குப் புரிந்த காரணம். புதுக் காசாளர் ஒருவருக்கு மெஷின் பழக்கவே எனக்கு மூன்று கிழமை போகிறது.

நுவரெலியா குளிர்

தம்பி, அது பெரிய கம்பனி. ஒருவர் வராவிட்டால் இன்னொருவரை நிறுத்த ஆள் இருக்கும். என் கிச்சனில் 11 பேர். இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றால் தாளும் இல்லை, ஒன்றும் இல்லை. பிரான்ஸில் 2017இல் இருந்து வேலை நேரத்துக்குப் பிறகு போனை எடுக்காமல் இருக்கும் உரிமையைச் சட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்களாம். நான் இரவு பத்து மணிக்குப் போன் எடுக்காவிட்டால் காலைச் சாப்பாடு மேசைக்கு வராது.

அந்தப் பெண் "கேட்காதவர் எத்தனை பேர்" என்று எழுதியதை மட்டும் நான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். போன வருட லீவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அவசர லீவு வாங்கியவர்கள் திரும்பத் திரும்ப அதே நாலு பேர். பாத்திரம் கழுவுகிற அம்மா ஒருவர் இருக்கிறார், ராகலைப் பக்கம். ஒரு நாள்கூட இல்லை.

வெலிமடை வளைவு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் பாதை மண்சரிவில் மூடிப்போனது. நாலு நாள் அலுவலகம் போக முடியவில்லை. எங்கள் அலுவலகத்தில் அந்த நாலு நாளையும் வருடாந்த லீவில் கழித்துவிட்டார்கள். வருடத்துக்கு 14 நாள், அதில் 4 நாள் மண்ணோடு போனது. என் தோழி வேலை செய்யும் இடத்தில் மெனேஜர் முதல் நாளே எல்லோருக்கும் போன் பண்ணி, "வீட்டுக்குப் பின்னால் வெடிப்புத் தெரிகிறதா, தெரிந்தால் இறங்குங்கள், வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னாராம். லீவு கழிக்கவும் இல்லை. இருவரும் ஒரே சம்பளம்தான் வாங்குகிறோம், லிந்துலைத் தம்பி. நான் இப்போது வேறு வேலை தேடுகிறேன், அவள் தேடவில்லை.

லிந்துலை ரயில்

ஏற்றுக்கொள்கிறேன் அக்கா, அந்த வித்தியாசம் பெரியதுதான். ஆனால் என் கேள்வியை விடமாட்டேன். நல்ல மெனேஜர் மாற்றலாகிப் போனால்? அடுத்தவர் வந்து தாளைக் கிழித்துவிட்டு வட்ஸ்அப்புக்குப் போனால் அந்தத் தாய் எங்கே போய் நிற்பார்?

ஹட்டன் சந்தி

அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இப்போதைக்குச் செய்திருப்பது இது: ரோஸ்டரில் மாற்றம் வந்தால் யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று தாளிலேயே சிவப்புப் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பழைய தாள்களை ஒரு கோப்பில் சேர்க்கிறோம். கோப்பு காசாளர்களின் லாச்சியில் இருக்கிறது, என் அறையில் இல்லை.

முதல் தாளை நேற்று ஒட்டினேன். இரண்டு வாரத்தில் மூன்று இடத்தில் சிவப்பு விழும் என்று நினைக்கிறேன், அரிசி லொறி வரும் நாளில் கட்டாயம் விழும். அந்தக் காசாளர் தன் பெயர் உள்ள வரியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

பழைய கணக்கப்பிள்ளை

கோப்பு நல்ல வேலை. பேர் பதிகிற எங்கள் செக்ரோல் புத்தகத்தையும் அப்படி வைத்திருந்தால் அரைப்பேர்ச் சண்டை பாதி குறைந்திருக்கும். கொழுந்தைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான், மகள். ஆனால் வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அது எங்கள் பிழை.

நுவரெலியா குளிர்

தம்பி, அந்தத் தாளை ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், பெயர்களை மறைத்துவிட்டு. இரண்டு வாரம் எனக்குச் சரிவராது. ஒரு வாரம் பார்க்கலாம். ராகலை அம்மாவின் பெயரை முதலில் எழுதப் போகிறேன்.