புதுப்பிப்பு: ஆல்பம் உறை முடிந்தது

மீடியா ப்ராஜெக்ட்டுக்காக ஒரு கற்பனை இசைக்குழுவின் ஆல்பம் உறையைச் செய்கிறேன், முன் அட்டையில் பாடகியின் முகமா ஓவியமா என்று முன்பு கேட்டிருந்தேன். முகம்தான் என்று பெரும்பாலானவர்கள் சொன்னீர்கள். அப்படியே வைத்தேன், ரொம்பவே பொருந்திவிட்டது. எல்லோருக்கும் நன்றி!

உறை மூன்று பகுதியாக மடியும் டிஜிபேக், அதாவது அட்டையால் ஆன சிடி உறை. வெளியே மூன்று, உள்ளே மூன்று என ஆறு பக்கம். உள்பக்கமாக மடியும் பகுதியை மற்றவற்றைவிட ஓரிரு மில்லிமீட்டர் குறுக்கினால்தான் அட்டை பிதுங்காமல் மூடும். இதைத் திரையில் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. சாதாரணத் தாளில் நிஜ அளவில் அச்சடித்து, வெட்டி, மடித்துப் பாருங்கள். பாடல் பட்டியலின் எழுத்து கண்ணுக்கு எட்டுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது டிஸ்க்கின் மேற்பரப்பு. 120 மில்லிமீட்டர் வட்டம், நடுவில் 15 மில்லிமீட்டர் துளை. பாடகியின் முகத்தை அங்கேயும் போட்டால் துளை சரியாக மூக்கில் விழும். அதனால் மேளத்தின் தோலை நேர் மேலிருந்து எடுத்த படத்தை வைத்தேன். விரல் பட்டுத் தேய்ந்த கறை துளையைச் சுற்றி வளையமாக நிற்கிறது, அவ்வளவு அழகு!

நிறம் பற்றிக் கேட்டவருக்கு: ஆர்ஜிபியில் (திரையின் நிறமுறை) பளிச்சென்று தெரியும் நீலம் சிஎம்ஒய்கே (அச்சு மைகளின் நிறமுறை) அச்சில் மங்கிவிடும். முதலிலேயே கோப்பை சிஎம்ஒய்கேக்கு மாற்றிவிட்டு நிறம் தேருங்கள். படங்கள் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்), ஓரங்களில் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் படப்பகுதி) போதும்.

அடுத்து பத்திரிகை விளம்பரம். அதே எழுத்துரு, அதே படத்தொகுப்பு.