பால்வாடி மூணரைக்கு முடியுது, கம்பெனி எட்டு மணிக்கு விடுது. பாப்பாவை எங்க விடுறது?

செக்கிங்_டேபிள்:
திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலைங்க. வீட்டுக்காரர் சாயப்பட்டறை. பாப்பாவுக்கு ரெண்டரை வயசு. பால்வாடில மூணரைக்கே கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க. தனியார் டேகேர்ல கேக்குற காசுக்கு பாதிச் சம்பளம் போயிடும். சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிற மாதிரி கவர்மென்ட்ல ஏதாச்சும் இருக்குங்களா?

கொங்குத்தம்பி:
பால்வாடில சோறு போட்டு தூங்க வைக்கிறதோட சரி. காசு போனாலும் தனியார்லயே விடுங்க.

பல்லடம்_டீச்சர்:
நான் அங்கன்வாடி பணியாளர்தான் தம்பி. காலைல சத்துமாவு, மத்தியானம் சாதம், வாரம் 3 முட்டை. மாசாமாசம் எடை போடுறோம். ஒரு பையன் ஓடியாடிட்டுதான் இருந்தான், எடை மட்டும் ஏறவே இல்ல. தராசுல நிறுத்திக் காட்டினப்புறம்தான் அவங்கம்மாவே நம்புனாங்க. எந்த டேகேர்ல இதைப் பாக்குறாங்க? பக்கத்து சென்டர்ல ஆள் போடல, அதையும் நானே பாக்குறேன், அது தனிக்கதை.

ஆனா நேரம் பத்தாதுங்கிறது நெசம். 1975ல அங்கன்வாடித் திட்டம் ஆரம்பிச்சப்ப சத்துக்குறைவும் தடுப்பூசியும்தான் பெரிய கவலை. அம்மா ஷிப்ட் முடிஞ்சு வர்ற நேரத்தை யாரும் யோசிக்கல. இப்ப மத்திய அரசோட 'பால்னா' திட்டத்துல அங்கன்வாடியோட சேர்ந்த காப்பகம் இருக்கு, 6 மாசத்துல இருந்து 6 வயசு வரைக்கும். எல்லா ஊர்லயும் வரல. குழந்தைகள் வளர்ச்சித் திட்ட ஆபீஸ்ல கேளுங்க.

அதைவிட, உங்க கம்பெனில எத்தனை பேரும்மா? 50 பேர் இருந்தாலே காப்பகம் வெக்கணும். மகப்பேறு சலுகைச் சட்டத்தோட 2017 திருத்தத்துலயே வந்துருச்சு. ஒரு நாளைக்கு 4 தடவை போய் பாப்பாவைப் பாத்துட்டும் வரலாம்.

செக்கிங்_டேபிள்:
ஐநூறு பேருக்கு மேல இருக்கோம்ங்க. 'குழந்தைகள் காப்பகம்'னு போர்டும் இருக்கு. உள்ள அட்டைப்பெட்டி அடுக்கி வெச்சிருக்காங்க. பையர், அதாவது எங்ககிட்ட சரக்கு வாங்குற கம்பெனி, ஆடிட் வர்ற அன்னைக்கு மட்டும் தொட்டில், பொம்மை எல்லாம் வரும்.

பல்லடம்_டீச்சர்:
அப்ப ரூம் இருக்கு, பாதி வேலை முடிஞ்சது. தனியாப் போய் கேக்காதீங்க, உங்களை மட்டும் குறி வெப்பாங்க. கைப்பிள்ளை வெச்சிருக்கவங்க எல்லாம் சேந்து கையெழுத்துப் போட்டு எச்.ஆர்ல குடுங்க, ஒரு காப்பி வெச்சுக்கோங்க. மசியலைன்னா பேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ். ஆடிட்டர் தனியாக் கூப்பிட்டுப் பேசுவாங்கல்ல, அப்பவும் பெட்டிக் கதையைச் சொல்லுங்க. திறந்தா, ஆயா நாள் முழுக்க அங்கயே இருப்பாங்களா, இல்ல நடுவுல பேக்கிங்குக்கு இழுத்துக்குவாங்களான்னு மொதல்ல கேளுங்க. கட்டிங் பக்கம் ஜன்னல் இருந்தா பஞ்சுத்தூசி வரும், வேற ரூம் கேளுங்க.