மெட்ரோ பக்கத்தில் 4 கிரவுண்டு: ஜோன் மாற்ற வேண்டுமா? (காரம்பாக்கம்)

கேள்வி
வணக்கம். காரம்பாக்கத்தில் ஆற்காடு சாலையிலிருந்து உள்ளே 4 கிரவுண்டு மனை. மெட்ரோ ஸ்டேஷன் நடக்கிற தூரம். பத்திரத்தில் 30 அடி ரோடு. ஜாயின்ட் வென்ச்சருக்கு (நிலம் நம்முடையது, கட்டுவது பில்டர், ஃபிளாட்டுகளில் பங்கு) வருகிறவர்கள் "மெட்ரோ வருது, ஜோன் மாத்தினா பத்து மாடி போகலாம்" என்கிறார்கள். ஜோன் (நில உபயோக வகை) மாற்ற சி.எம்.டி.ஏ.வில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மனு போட வேண்டுமா?

பதில் 1
சார், முதலில் சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் கிராமம், சர்வே எண் கொடுத்து நில உபயோகத்தைப் பாருங்கள். குடியிருப்பு என்று இருந்தால் அடுக்குமாடிக்கு ஜோன் மாற்றமே தேவையில்லை. விவசாயம் போன்ற வேறு ஜோனில் இருக்கும் நிலத்துக்குத்தான் அந்த வேலை: நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 32(4)-இன்படி மறுவகைப்பாடு, நாளிதழில் ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு, பிறகு அரசிதழ்.

உங்களுக்குப் பிரச்சினை ஜோன் இல்லை, ரோடு. 2019 கட்டிட விதிகளில் எத்தனை சதுர அடி கட்டலாம் என்பதை ரோட்டின் அகலம்தான் முடிவு செய்கிறது. கணக்கைப் பாருங்கள்:

4 கிரவுண்டு = 9,600 சதுர அடி. அடிப்படை எஃப்.எஸ்.ஐ. (நிலப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2, அதாவது 19,200 சதுர அடி. ரோடு 9 மீட்டர் இருந்தால் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. (அரசுக்குப் பணம் கட்டி வாங்கும் கூடுதல் பரப்பு) 30 சதவீதம் வாங்கலாம்; 24,960 ஆகும். 12 மீட்டர் என்றால் 40 சதவீதம், 26,880. பத்து மாடி என்பது 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டும் உயரமான கட்டிடம். அதற்கான எஃப்.எஸ்.ஐ. 3.25 முழுதாகக் கிடைக்க 18 மீட்டர், கிட்டத்தட்ட 59 அடி ரோடு வேண்டும். உங்கள் தெருவில் அது நடக்காது.

கேட்டவர்
மனைக்கு முன்னால் 30 அடி இருக்கிறது. தெருமுனையில் ஒரு காம்பவுண்டு சுவர் வெளியே வந்து 27 அடிதான். அது பாதிக்குமா?

பதில் 2
கண்டிப்பாகப் பாதிக்கும். 9 மீட்டர் என்பது 29 அடி 6 அங்குலம். 30 அடி ரோட்டில் உங்களுக்கு மிச்சம் ஆறே அங்குலம். 27 அடி என்றால் 8.23 மீட்டர், 30 சதவீத பிரீமியம் கைவிட்டுப் போகும். மனைக்கு முன்னால் மட்டும் அளந்துவிட்டு வரைபடம் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். பெரிய ரோடு வரைக்கும் அகலம் இருக்கிறதா என்று ஆய்வுக்கு வருகிறவர் பார்ப்பார்.

தாரின் அகலத்தை அளக்காதீர்கள். எல்லைக்கு எல்லை அளக்க வேண்டும். வடிகால், நடைபாதை எல்லாம் ரோட்டோடு சேர்த்திதான். புல வரைபடத்தில் (அரசு சர்வே வரைபடம்) அந்த முனையில் ரோடு எவ்வளவு என்று பாருங்கள். வரைபடத்தில் 30 இருந்து தரையில் 27 என்றால் ஆக்கிரமிப்பு. சர்வேயரை வைத்து அளந்த வரைபடத்தோடு மாநகராட்சி 11-வது மண்டல அலுவலகத்தில் மனு கொடுங்கள். வரைபடத்திலேயே 27 என்றால் பிரீமியத்தை மறந்துவிட்டு 19,200-ஐ வைத்துப் பேசுங்கள்.

பதில் 3
பிரீமியம் இலவசமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 30 சதவீதத்தில் வரும் கூடுதல் 5,760 சதுர அடியை அடிப்படை எஃப்.எஸ்.ஐ. 2-ஆல் வகுத்தால் 2,880 சதுர அடி நிலம். அதற்கு வழிகாட்டி மதிப்பில் (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் நில மதிப்பு) அரசு நிர்ணயித்த சதவீதத்தைக் கட்ட வேண்டும். யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் கடைசியில் நில உரிமையாளர் தலையில்தான் விழும்.

மண் பரிசோதனையை யார் தள்ளிப்போடச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2014-இல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தது உங்கள் இடத்துக்குத் தூரமில்லை.

பதில் 1
இன்னும் ஒன்று. ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரை மெட்ரோவின் 4, 5 இரண்டு வழித்தடங்களும் ஒரே அடுக்குப் பாலத்தில் போகின்றன. அதனால் விலை ஏறும், ஆளும் நிறைய வருவார்கள். ஆனால் ஸ்டேஷன் பக்கம் என்பதால் உங்கள் தெரு அகலமாகிவிடாது. "எதிர்கால எஃப்.எஸ்.ஐ. முழுவதும் பில்டருக்கு" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். விதி மாறினால் வரும் லாபத்தில் உங்கள் பங்கு விகிதமும் எழுத்தில் இருக்கட்டும். மனை 500 சதுர மீட்டருக்கு மேல், அதனால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் கட்டாயம். பதிவு எண் வராமல் ஒரு ஃபிளாட்டுக்குக்கூட அட்வான்ஸ் வாங்க விடாதீர்கள்.