பாஸ்போட்ட திருப்பிக் குடுத்தா என்எஸ் (சிங்கப்பூர் கட்டாய ராணுவ சேவை) கிடையாதா? யாரு சொன்னா?

பட்டர்வொர்த் மீனா:
போன வாரம் பாலா அண்ணே எழுதுனது இது: "சிங்கப்பூர், மலேசியா ரெண்டு குடியுரிமையும் இருக்கிற பையன் 18 வயசுக்கு முந்தி சிங்கப்பூர் பாஸ்போட்ட திருப்பிக் குடுத்துட்டா என்எஸ் தொல்லை கிடையாது." இத எங்க சொந்தத்துல மூணு பேரு எனக்கே அனுப்பி, இவ்ளோ சுலபமா இருக்கு நீ ஏன் மண்டைய ஒடைச்சுக்கிறேன்னு கேக்குறாங்க. நான் சிங்கப்பூர்காரி, வீட்டுக்காரர் மலேசியா, பையன் சிங்கப்பூர்லதான் பொறந்தான், ஒன்பது வயசுல இங்க மலேசியாவுக்கு வந்துட்டோம். இப்ப பதினாறரை ஆவுது, என்எஸ்ஸுக்குப் பதிவு பண்ணச் சொல்லி சூராட் (கடிதம்) வந்துருச்சு, சாமி படத்துக்குக் கீழ வச்சிருக்கேன், தெனம் விளக்கேத்துறப்ப அதுதான் கண்ணுல படுது. அண்ணே, சிங்கப்பூர் குடியுரிமைய 21 வயசுக்கு முந்தி துறக்கவே முடியாது. அவங்க அரசியல் சட்டத்துலயே இருக்கு. என்எஸ் கூப்பிடுறது 18ல. நடுவுல மூணு வருஷம் பையன் எங்க போவான்? தெரியாததத் தெரிஞ்ச மாதிரி எழுதாதீங்க, புள்ளைங்க ஜெயில் வரைக்கும் போற விஷயம் இது.

பிரிக்பீல்ட்ஸ் பாலா:
மீனா, நான் வாய்க்கு வந்தத எழுதல. என் அண்ணன் பையன் ரெண்டு வருஷத்துக்கு முந்தி எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டு வந்தான், அப்ப அவனுக்கு 17. ஒன்னுமே ஆவல, செந்தூல்ல வேலை செய்றான், நல்லா இருக்கான். கண்ணால பாத்தத சொல்றேன். சட்டம் படிச்சவங்க மாதிரி நீங்க பேசுனா நடந்தது நடக்கலன்னு ஆயிடுமா?

பட்டர்வொர்த் மீனா:
உங்க அண்ணன் பையன் அங்க குடிமகனா, பிஆரா (நிரந்தரவாசியா)? அத மொதல்ல சொல்லுங்க. பிஆர் பையன் பிஆர திருப்பிக் குடுக்கலாம், பின்னாடி அங்க படிக்கவோ வேலைக்கோ கேட்டா அது குறுக்க நிக்கும், அவ்வளவுதான். குடிமகனுக்கு அந்த வழி இல்ல. 21 வயசு. 21 ஆனாலும் என்எஸ் பாக்கி இருந்தா துறக்குறத அவங்க நிறுத்தி வைக்கலாம்.

பிரிக்பீல்ட்ஸ் பாலா:
நீல ஐசிதான் (அடையாள அட்டை) வச்சிருந்தான். நீல ஐசின்னா குடிமகன், இது கூடவா தெரியாது?

ஆயர் ஈத்தாம் ஐயா:
எல்லாரும் தப்பிக்கிறதப் பத்தியே பேசுறீங்க. பையன் போய் ரெண்டு வருஷம் பயிற்சி எடுத்தா என்ன கொறைஞ்சு போவுது? நம்ம பசங்க ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன நோண்டிட்டு, பத்து மணிக்கு எழுந்து பசியாற கேக்குறானுங்க. எங்க பேத்தி நம்ம மலேசியாவோட தேசிய சேவைப் பயிற்சி, அந்த பிஎல்கேஎன் காம்ப்புக்கு மூணு மாசம் போனா, வந்தப்பறம் படுக்கைய தானே மடிச்சு வச்சா. ஒழுக்கம் வரும்.

செந்தூல் பையன்:
ஐயா, பிஎல்கேஎன் மூணு மாசம், கயித்துல ஏறி, அணிவகுப்பு போயி, நாலு இனத்துக்காரங்களோட ஒன்னா சாப்பிட்டு வீட்டுக்கு வந்துடலாம். அதையும் 2018ல மூடிட்டாங்க, 2025ல திரும்பவும் 45 நாளுன்னு ஆரம்பிச்சிருக்காங்க. சிங்கப்பூர்ல முழுசா ரெண்டு வருஷம், அப்பறம் ரிசர்விஸ்ட்டுன்னு (அப்பப்ப திரும்பக் கூப்பிடுற பயிற்சி) 40 வயசு வரைக்கும், ஆபீசரா ஆயிட்டா 50 வயசு வரைக்கும் கூப்பிடலாம். ரெண்டும் ஒன்னா? உங்க பேரன யாராவது துப்பாக்கியோட ரெண்டு வருஷம் நிக்கச் சொன்னா அனுப்புவீங்களா?

ஆயர் ஈத்தாம் ஐயா:
என் பேரன இழுக்காத தம்பி. பெரியவங்ககிட்ட பேசுற மொறையே ஒனக்குத் தெரியல, அதான் சொல்றேன் ஒழுக்கம் வேணும்னு.

செந்தூல் பையன்:
அனுப்புவீங்களா மாட்டீங்களா?

நிபோங் திபால் தேவா:
நான் கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க மீனா அக்கா, பையன் பொறந்தப்ப சிங்கப்பூர் அரசாங்கம் குடுக்குற பேபி போனஸ் பணத்த வாங்குனீங்களா இல்லையா? மூணாம் வகுப்பு வரைக்கும் அங்க குடிமகனுக்குள்ள ஃபீஸ்லதானே படிச்சான்? காசு குடுக்குறப்ப நீட்டுன கைய, கடமைன்னு வர்றப்ப பின்னால மறைக்கிறது நியாயமா? இங்க எத்தனையோ நம்ம ஆளுங்க இந்த மண்ணுலயே பொறந்து இன்னும் சிவப்பு ஐசியோட அலையுறாங்க. ஒரு குடியுரிமைக்கே வழி இல்லாத சனம் இருக்கு, நீங்க ரெண்ட வச்சிக்கிட்டு அழுவுறீங்க.

பட்டர்வொர்த் மீனா:
வாங்குனேன் தேவா. புள்ள பொறந்ததுக்குன்னு குடுத்தாங்க, வாங்குனேன். கைக்குழந்தைக்கு வாங்குன பால்மாவுக்கு அவன் 18 வயசுல கடன் அடைக்கணும்னா அத அவன்கிட்டல்ல முன்னாடியே கேட்டிருக்கணும்? நான் கடமை வேணாம்னு எங்கயாவது எழுதியிருக்கேனா? மேல போயி படிங்க. நான் சொல்றது ஒன்னே ஒன்னு: 21 வயசுலதான் எந்த நாடுன்னு நீ முடிவு பண்ணலாம்னு ஒரு சட்டம் சொல்லுது, 18லயே வந்து துப்பாக்கி தூக்குன்னு இன்னொன்னு சொல்லுது. அவங்களே 21 வயசுல இவன உக்கார வச்சு மலேசியாவ விடுன்னு கேப்பாங்க, விடலன்னா அந்தக் குடியுரிமைக்கே ஆபத்து. அப்ப சேவைய முடிச்சப்பறம்தான் நீ எங்க ஆளான்னு கேள்வியே வருது! என் பையன் பட்டர்வொர்த்துல தமிழ்ப்பள்ளியில படிச்சவன், தெனம் காலையில மலேசியா தேசிய கீதம் நெகாராகூ பாடுனவன். போன மாசம் அந்த சூராட்ட எடுத்துப் படிச்சிட்டு, அம்மா நான் எந்தக் கொடிக்கு சல்யூட் அடிக்கணும்னு கேட்டான். நான் அடுப்படிக்குப் போயிட்டேன், பதில் சொல்லல.

கிள்ளான் சுரேன்:
நான் என்எஸ் போயிட்டு வந்தவன். அப்பாவுக்கு பிஆர், அதனால எனக்கும் பிஆர், சிங்கப்பூர் தெக்கோங் தீவுலதான் அடிப்படைப் பயிற்சி, ஒன்பது வாரம். மொத வாரம் அழுகை வரும், அப்பறம் பழகிடும். கூட்டாளிங்க இன்னைக்கும் போன் பண்றாங்க. அக்கா, பையன பதிவு பண்ண வச்சிருங்க. பதிவு பண்ணிட்டு ஒத்திவைக்கச் சொல்லிக் கேக்குறது வேற, பதிவே பண்ணாம இருக்கிறது வேற.

பிரிக்பீல்ட்ஸ் பாலா:
பயமுறுத்தாதீங்க சுரேன். மெல்வின் டான்னு பியானோ வாசிக்கிறவரு சின்ன வயசுல இங்கிலாந்து போயி என்எஸ் செய்யாம எத்தனையோ வருஷம் இருந்தாரு, கடைசியில என்ன ஆச்சு? 5,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) அபராதம், கட்டிட்டு ஜம்முன்னு போயிட்டாரு. அதத்தான் சொல்றேன், பெருசு பண்ணாதீங்க.

பட்டர்வொர்த் மீனா:
அண்ணே அது 2005. அதப் பாத்து அங்க சனங்க கொதிச்சு எழுந்ததாலதான் அடுத்த வருஷமே அபராதத்த 10,000 வெள்ளி ஆக்குனாங்க, 3 வருஷம் வரைக்கும் ஜெயிலும் இருக்கு. 2017ல உயர் நீதிமன்றம் எத்தனை வருஷம் தப்பிச்சானோ அத்தனைக்கு ஏத்த மாதிரி ஜெயில்னு கணக்கே போட்டு வச்சிருச்சு. நீங்க பாதிக் கதைய மட்டும் எப்பவும் சொல்றீங்க. 13 வயசுக்கு மேல ரொம்ப நாளு வெளிநாட்டுல தங்கணும்னாலே எக்ஸிட் பெர்மிட்னு அனுமதி வாங்கணும், வருஷக்கணக்குல போனா கொறைஞ்சது 75,000 வெள்ளி பாண்டு (பிணைத்தொகை). எங்க வீட்டுக்காரர் காடி (கார்) வித்தாலும் அது வராது.

நிபோங் திபால் தேவா:
பாண்டு பத்தித் தெரியுது, போனஸ் பத்திக் கேட்டா பால்மா கதை.

பட்டர்வொர்த் மீனா:
தேவா, உங்க தங்கச்சி கல்யாணத்துல எங்க வீட்டுக்காரர் வரலன்னு வச்சிருக்கிற கோவத்த இங்க கொண்டுவராதீங்க. ரொம்பச் சின்ன வயசுல குடும்பத்தோட போனவங்க, அங்க பெருசா சலுகை எதுவும் அனுபவிக்காதவங்க 21ல துறக்க விடுறாங்கன்னு சொல்றாங்க. ஒன்பது வயசு சின்ன வயசா இல்லையா, மூணாவது வரைக்கும் படிச்சது பெரிய சலுகையா, அதுதான் என் கேள்வி. யாராவது அதுக்கு பதில் எழுதுனீங்களா?

ஆயர் ஈத்தாம் ஐயா:
வாங்குனா சலுகைதான்மா. அனுப்புங்க, ஆம்பளப் புள்ள.

செந்தூல் பையன்:
ஐயா இன்னும் பேரனுக்கு பதில் சொல்லல.

பிரிக்பீல்ட்ஸ் பாலா:
இவ்ளோ எழுதியும் ஒருத்தரும் என் அண்ணன் பையன் விஷயத்துக்கு பதில் சொல்லல. அவன் 17ல ஒப்படைச்சான், ஒன்னும் ஆவல. முடிஞ்சிச்சு.

பட்டர்வொர்த் மீனா:
அங்க நீல ஐசின்னா பிஆர் அண்ணே. குடிமகனுக்கு பிங்க். நம்ம ஊர்லதான் நீலம்னா குடிமகன், சிவப்புன்னா பிஆர். உங்க அண்ணன் பையன் ஒப்படைச்சது எந்த நாட்டு நீலம்?

பிரிக்பீல்ட்ஸ் பாலா:
நீலம்னா நீலம்தான். ஒங்ககிட்டயும் என்கிட்டயும் இருக்கிற மாதிரி.

பட்டர்வொர்த் மீனா:
என்கிட்ட இருக்கிறது பிங்க் அண்ணே. நாளைக்குப் பையனோட பிறப்புச் சான்றிதழ எடுத்துக்கிட்டு ஜார்ஜ் டவுன்ல ஒரு லோயரப் பாக்கப் போறேன், அதுல சிங்கப்பூர் குடிமகன்னு அச்சடிச்சிருக்கு, நீலமும் இல்ல ஒன்னும் இல்ல. தயவு செஞ்சு அந்தப் பழைய பதிவ அழிங்க, இன்னைக்கும் ஒரு அம்மா அத நம்பி எனக்கு போன் பண்ணாங்க, அவங்க பையனுக்கு 17.

பிரிக்பீல்ட்ஸ் பாலா:
அழிக்க மாட்டேன்.