செங்குத்தாக ஏறும்போது மாதிரி விமானம் இடப்பக்கம் இழுக்கிறது: ட்ரிம் செய்ய உதவி வேண்டும்

கேள்வி:
வணக்கம். இறக்கை முனைக்கு முனை 1.4 மீட்டர் உள்ள, பேட்டரியில் ஓடும் ஏரோபேட்டிக் (வானில் சாகசம் செய்யும்) மாதிரி விமானத்தை நானே கட்டி, சென்ற வாரம் முதன்முறையாகப் பறக்கவிட்டேன். மட்டமாகப் பறக்கையில் குறையில்லை. முழு த்ராட்டிலில் (மோட்டாரின் முழு விசையில்) செங்குத்தாக ஏற்றினால் மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. ரடரின் (மூக்கை இட, வலமாகத் திருப்பும் வால் பலகை) ட்ரிம்மை, அதாவது அதன் நடுநிலையைச் சிறிது சிறிதாக மாற்றும் ரிமோட் பொத்தானை, வலப்பக்கம் ஆறு கிளிக் தள்ளியதும் ஏற்றம் நேரானது. ஆனால் மோட்டாரை நிறுத்திச் செங்குத்தாக இறக்கினால் இப்போது வலப்பக்கம் ஓடுகிறது. ரடர் சர்வோவை (ரடரை அசைக்கும் சிறு மோட்டார்) மாற்ற வேண்டுமா?

பதில்:
சர்வோவில் குற்றமில்லை, மோட்டார் நோக்கும் திசையைத்தான் திருத்த வேண்டும். ப்ரொபெல்லர் கிளப்பும் சுழல்காற்று உடலைச் சுற்றி வந்து, நிமிர்ந்த வால் துடுப்பின் இடப்புறத்தில் மோதுவதால் மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. ரடர் ட்ரிம் மோட்டார் ஓடாதபோதும் வேலை செய்யும். மோட்டாரின் சாய்வு அது ஓடும்போது மட்டுமே வேலை செய்யும். ஆகவே ட்ரிம்மைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு, மோட்டார் தாங்கிக்கும் அதைத் தாங்கும் பலகைக்கும் நடுவே, இடப்பக்கத் திருகுகள் இரண்டிலும் 1 மி.மீ. தடிப்புள்ள வாஷரைக் கோத்து முடுக்குங்கள். இட, வலத் திருகுகளுக்கிடையே 50 மி.மீ. இருந்தால், ஒரு டிகிரிக்குச் சற்றே கூடுதலான வலச்சாய்வு கிடைக்கும். இடம், வலம் என்பது விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தபடி. முன்னால் நின்று பார்த்துத் தவறான பக்கத்தில் வைத்து, ஒரு காலைப்பொழுதையே நான் வீணாக்கியிருக்கிறேன்.

மற்றொருவர்:
காற்று எழும்புவதற்கு முன், விடிந்ததும் சோதியுங்கள். பக்கக்காற்றில் விமானம் முழுதாக ஒதுங்குவதை மூக்கு திரும்புவதாக எண்ணிவிட வாய்ப்புண்டு.

கேட்டவர்:
வாஷர் வைத்தபின் ஏற்றம், இறக்கம் இரண்டும் நேராகிவிட்டன. ஆனால் ஸ்பின்னர் (ப்ரொபெல்லரின் நடுவிலுள்ள கூம்பு மூடி) வலப்பக்கம் நகர்ந்து, கவுலின் (மோட்டாரைச் சுற்றிய மூடி) விளிம்பை உரசுமளவுக்கு நெருங்கி நிற்கிறது. மேலும், தலைகீழாகப் பறக்கும்போது எலிவேட்டர் (மூக்கை மேலும் கீழுமாகத் திருப்பும் வால் பலகை) குச்சியை நன்றாக முன்னே தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பதில்:
சாய்த்தால் முனை நகரத்தான் செய்யும்; ஸ்பின்னர் நடுவில் வரும்வரை தாங்கியை இடப்பக்கம் நகர்த்திப் புதிதாகத் துளையிடுங்கள். இரண்டாவது, மூக்குப் பக்கம் பாரம் மிகுந்திருப்பதன் அடையாளம். இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். 45 டிகிரியில் ஏற்றி, தலைகீழாகப் புரட்டி, குச்சியை விட்டுப் பாருங்கள். மூக்கு வேகமாகத் தரையை நோக்கி வளைந்தால் பேட்டரியை 5 மி.மீ. பின்னால் தள்ளி, எலிவேட்டர் ட்ரிம்மைச் சரிசெய்து, மறுபடி சோதியுங்கள். மிக மெதுவாகத் தாழ்ந்தால் போதும். வானை நோக்கி எழுந்தால் பாரம் வால் பக்கம் போய்விட்டது, உடனே தரையிறக்கிப் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள்.