எண்ணூர் பக்கம் நட்ட சுரபுன்னை அலையாத்திக் கன்று எல்லாம் போச்சு, மறுபடி நடலாமா?

சேத்துக்கால்:
கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தை ஒட்டி 2 ஏக்கர் வெற்று நிலம். ஓரத்தில் பத்திருபது வெண்கண்டல் (இன்னொரு வகை அலையாத்தி மரம்) தானாக நிற்கிறது. போன டிசம்பரில் இங்கே 2,000 சுரபுன்னைக் கன்று நட்டார்கள். மே மாதத்துக்குள் மேட்டுப் பக்கம் நட்டது முழுக்கக் கருகிவிட்டது. தண்ணீரோரம் நட்டதில் தண்டு நிறையக் கொட்டலசு (தண்ணீருக்குள் கல், மரத்தில் ஒட்டி வளரும் சின்ன ஓட்டுயிர்) ஒட்டி, பாரம் தாங்காமல் சாய்ந்து கிடக்கிறது. மேட்டில் கோடையில் உப்புப் பூக்கிறது, உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடிகூட விளிம்பில்தான் இருக்கிறது. இந்த வருஷமும் இலவசமாகக் கன்று தருகிறோம் என்கிறார்கள். ஊரில் பாதிப் பேருக்கு இஷ்டமில்லை. என்ன செய்யலாம்?

உப்பங்காத்து:
கன்றை வாங்காதீங்க. ஒரே நிலத்தில் இரண்டு விதமாகச் செத்திருக்கு, காரணமும் இரண்டு. கொட்டலசு ஒட்டுச்சுன்னா அந்த இடம் அதிக நேரம் தண்ணிக்குள்ளே கிடக்குன்னு அர்த்தம். ரொம்பப் பள்ளம், அங்கே எந்தக் கன்றும் நிற்காது. மேட்டில் நேர்மாறு. பெரிய கடல் ஏற்றத்தில் ஏறின தண்ணி வடியாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மட்டும் தங்குது.

பிச்சாவரத்தில் நடந்ததும் இதுதான். அந்தக் காலத்தில் நிலத்தைப் பட்டை பட்டையாகப் பிரிச்சு மொத்தமாக மரத்தை வெட்டினதில் வெட்டின இடம் தாழ்ந்து குழியாகி, தண்ணி தேங்கி உப்பு ஏறிப்போச்சு. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்து ஆட்களோடு சேர்ந்து, ஏற்றத் தண்ணி வந்து வடியற மாதிரி முதலில் வாய்க்கால்தான் வெட்டினாங்க. கன்று அதுக்கப்புறம்தான்.

முதல் வேலை மட்டம் பார்ப்பது. மரம் நல்லா நிற்கிற மட்டம்தான் கன்றும் பிழைக்கிற மட்டம். கருவியெல்லாம் வேண்டாம், மேஸ்திரி வைத்திருக்கிற டியூப் லெவல் போதும். நல்லா வளர்ந்த வெண்கண்டல் அடியில் ஒரு கழி, உங்க நிலத்தில் 10 மீட்டருக்கு ஒரு கழி. டியூபில் குமிழி இல்லாமல் தண்ணி நிரப்பி, மரத்தடியை விட ஒவ்வொரு கழியும் எத்தனை சென்டிமீட்டர் மேலே, கீழேன்னு எழுதுங்க. சென்னைக் கடலில் அமாவாசை, பௌர்ணமிக்கே ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் சொச்சம்தான், கழிமுகத்துக்குள்ளே இன்னும் குறைவு. அதனால் 15 செ.மீ. பிசகினாலே கன்று போயிடும். முகத்துவாரம் மணல் அடைச்சிருக்கும்போது ஏற்றத் தண்ணி மட்டம் பார்க்காதீங்க, அது பொய் சொல்லும்.

கடப்பாரையால் 60 செ.மீ. குத்தியும் பாருங்க. எண்ணூர் ஓடையில் அனல்மின் சாம்பல் படிந்த இடம் காய்ந்தால் சிமெண்ட் மாதிரி இறுகிடும். அந்தத் துண்டை விட்டுடுங்க.

சேத்துக்கால்:
வாய்க்கால் எவ்வளவு அகலம்? 2 ஏக்கருக்கு எத்தனை ஆள் ஆகும்?

உப்பங்காத்து:
மீன் முள் மாதிரி. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் அதிலிருந்து 45 பாகைக் கோணத்தில் பிரியற சின்னது. பெரியது மேலே 2 மீட்டர், அடியில் 0.7, ஆழம் 0.8. சின்னது மேலே 1.2, அடியில் 0.4, ஆழம் 0.5. 100 மீட்டர் பெரிய வாய்க்காலுக்கு 12 மீட்டருக்கு ஒன்றாகப் பக்கத்துக்கு எட்டு, ஒவ்வொன்றும் 40 மீட்டர் நீளம்னு வைங்க. மொத்தம் 364 கனமீட்டர் மண். ஆளுக்கு நாளைக்கு 2 கனமீட்டர் என்றால் 180 ஆள்கூலிக்கு மேலே. ஜேசிபி சேற்றில் இறங்கினால் அதை எடுக்க இன்னொன்று வரணும்.

அடிமட்டம் ஆற்றைப் பார்த்துச் சரியணும், கடல் வற்றத்தில் சொட்டு நிற்கக் கூடாது. வெட்டின மண்ணைக் கரையாகக் குவிக்காதீங்க, அதுவே அணையாகி மறுபடி தேக்கும். மே முதல் ஜூலைக்குள் வெட்டி முடிச்சாத்தான் ஐப்பசி, கார்த்திகை மழை உப்பைக் கழுவும். மழை முடிஞ்சதும் வாய்க்கால் தூர்ந்திருக்கும், முதல் மூணு வருஷம் தூர்வாரக் காசு ஒதுக்குங்க.

கண்டல்விதை:
வாய்க்கால் சரியானால் கன்று பாதி தானாக வரும். உங்க ஓரத்து மரமே விதை கொட்டும், செப்டம்பர் முதல் நவம்பர் வரை. மற்றதுக்கு அங்கேயே பொறுக்குங்க. மஞ்சள் தட்டி, தொட்டால் கையில் உதிர்வதுதான் முற்றினது, துளை விழுந்ததைக் கழிச்சிடணும். ஒரு ராத்திரி ஆற்றுத் தண்ணியில் ஊறினால் தோல் கழன்றிடும். அப்புறம் வேர் முனை கீழே இருக்கும்படி வாய்க்கால் சரிவின் மேல் பாதியில் லேசாக அழுத்தினால் போதும், புதைத்தால் அழுகும். ஒன்றரை மீட்டருக்கு ஒன்று.

சுரபுன்னை ஆசை இருந்தால் வாய்க்கால் வாய் ஓரம் ஐம்பது, நூறு மட்டும். நீளக் காயின் மூன்றில் ஒரு பங்கு சேற்றில் இறங்கணும். காம்புப் பக்கத்தைக் கீழே வைத்துத் தலைகீழாக நடுவது போட்டோவுக்கு நடுகிற கூட்டத்தில் சகஜம்.

பாட்டுவலை:
ஊரில் பாதிப் பேர் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று கேட்டீர்களா? வற்றத்தில் வெளியே தெரிகிற சேற்றுத்திட்டு உங்களுக்கு வெற்று நிலம், இறால் தடவுகிற பெண்களுக்கு அது பிழைப்பு. அங்கே நட வேண்டாம், எப்படியும் கொட்டலசுதான் மிஞ்சும். வாய்க்கால் வாய் எங்கே திறக்க வேண்டும், படகு எந்தப் பக்கம் போகும், யார் வலை எங்கே விரிப்பார்கள் என்பதை அவர்களை வைத்தே கழி நட்டுக் குறியுங்கள்.

கூலி விஷயத்தில் ஒன்று. நட்ட கன்றுக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்தால் எங்கே குத்த சுலபமோ அங்கே குத்துவார்கள். பாதியை வாய்க்காலுக்குக் கொடுங்கள், மீதியை ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் உயிரோடு நிற்பதை எண்ணி ஊர்க் குழு வழியாகக் கொடுங்கள். எண்ணும் நாளில் கன்றைச் சுற்றின பிளாஸ்டிக்கையும் பாசியையும் எடுத்துவிடலாம். வெண்கண்டல் இலை என்றால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உயிர், முதல் இரண்டு வருஷம் மேய்ச்சல் வேறு பக்கம் போக வேண்டும். வேலியை விட மாடு வைத்திருப்பவரையே காவலுக்குப் போடுவது மலிவு.

மண் வெட்டும் முன் வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அலையாத்திக் காடு கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் கடுமையான முதல் வகை, நல்லதுக்கு வெட்டினாலும் வாய்ப்பேச்சு அனுமதி செல்லாது.

சேத்துக்கால்:
வரும் அமாவாசைக்கு டியூப் லெவலோடு இறங்குகிறோம். கழி ஐம்பது சவுக்கு சொல்லியாச்சு.

உப்பங்காத்து:
சவுக்கில் பெயிண்ட் கோடு அடிச்சுக்கோங்க, 5 செ.மீ.க்கு ஒன்று. உச்ச ஏற்றத்தில் எந்தக் கோடு வரை ஈரம்னு படகில் இருந்தே பார்த்துடலாம்.